இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு தூண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் நான் எழுதத் தொடங்கி, முடிக்க முடியாமல் விட்ட ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அது இதுதான்:

"கூடத்தின் கீழ்க்கோடியில், இரண்டு வாசல்களுக்கு நடுவில் நிற்கும் ஓக் தூண் [        ] காலத்தைச் சேர்ந்தது."

அந்த அடைப்புக்குள் ஒரு காலத்தை எழுத வேண்டும். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இருபத்தாறு வருடமாகப் பழைய மரச்சட்ட வீடுகளுக்கு வயது சொல்லிக்கொண்டிருக்கிறேன். உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பேன், இண்டு இடுக்கில் டார்ச் அடிப்பேன், கூரைக்கடியில் ஊர்ந்து ஒட்டடை முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு இறங்குவேன், பிறகு உட்கார்ந்து எழுதுவேன். நான் எழுதுவதை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. ஆனால் நம்புகிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்த வசதி கிடையாது.

மூன்று வாரமாக அந்த அடைப்பு காலியாகவே இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில், அறிக்கையை எழுத வேண்டிய மேசையில் உட்கார்ந்து இதை எழுதினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மூடுபனி விலகியபோது ஹெர்ன்ஹோ ஹால், அகழியின் நடுவே ஒரு கறுப்பு வெள்ளைக் கனவைப் போல—"

சகிக்கவில்லை. அந்த வீடு கறுப்பு வெள்ளை அல்ல என்பது ஒரு பக்கம். வெளிச்சுவர் முழுக்க வெயிலில் வெளுத்த இளஞ்சிவப்பு. இந்தப் பக்கத்து வீடுகள் பாதி அந்த நிறம்தான். நான் போன அன்று மூடுபனியும் இல்லை. ஏப்ரல் மாதத்துச் சில்லென்ற காற்று, சேறு, அகழியில் இரண்டு வாத்து.

இரண்டாவது தொடக்கம்:

"1444ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் ஓக் மரம் சாய்ந்தது."

இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் தூணின் வயதை முதல் வரியிலேயே உளறியதாகிவிடும். [உளறிவிட்டேன். போகட்டும், அழிக்கப்போவதில்லை.]

மூன்றாவது தொடக்கம், ஒரு தொலைபேசி அழைப்பு. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

"நீங்கதானே வீட்டுக்கு வயசு பாக்குறவரு? மாறன்னு பேரு?"

"ஆமாங்க. யாரு பேசுறது?"

"பெரில் கெரிட்ஜ். ஹெர்ன்ஹோ ஹால். எங்க வீட்டுல ஒரு தூணு இருக்கு. அது எவ்வளவு பழசுன்னு ஊருக்கே தெரியும். அது அவ்வளவு பழசில்லன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

இருபத்தாறு வருடத்தில் இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் கூட்டித்தான் சொல்லச் சொல்வார்கள். எண்பது வருடத்துக் கோழிக்கொட்டகையைக் காட்டி, இதில் ராணி எலிசபெத் தங்கியிருக்கலாம் இல்லையா என்று முகத்தைப் பார்ப்பார்கள். நானூறு வருடத்துக்கு முந்திய முதல் எலிசபெத்.

பெரிலுக்கு எழுபத்து நான்கு வயது. கதவைத் திறந்தபோது ரப்பர் பூட்ஸும், கணவருடைய ஸ்வெட்டரும் போட்டிருந்தார். ஸ்வெட்டரின் கைகள் நான்கு மடிப்பு மடிக்கப்பட்டிருந்தன. நான் காலைத் துடைத்து முடிப்பதற்குள் தேநீரும் உலர்பழக் கேக்கும் வந்துவிட்டன. வெளியூர்க்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிப் பழகிய பெண்மணி. கோடையில் ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயக் கூரைக்கு நிதி திரட்ட வீட்டைத் திறந்துவைத்து நாற்பத்தெட்டு வருடமாகக் காட்டியிருக்கிறார். அந்தப் பழக்கத்தில் என்னையும் நேராகத் தூணிடம் கூட்டிப்போனார்.

"இதுதான் நம்ம தூணு. ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொம்போது. வீட்டைவிட நாப்பத்தஞ்சு வருஷம் மூத்தது. இதுக்கு முன்னாடி இங்க இருந்த வீட்டுலருந்து—" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "பாத்தீங்களா, வாய் பழகிடுச்சு. நீங்க அதைக் காதுல வாங்காதீங்க."

தூணில், கண்ணுக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில் உளியால் செதுக்கியிருந்தது: 1399.

4

இங்கே பெரில் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவரை வாசகருக்குப் பிடித்துவிடும். கேக் கொடுக்கிறார், பெரிய ஸ்வெட்டர் போட்டிருக்கிறார், கணவரோ படுக்கையில். இப்படி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் ஒரு மரக்கட்டைக்காக யார் பரிந்து பேசப்போகிறார்கள்? தராசில் முன்கூட்டியே விரலை வைத்த மாதிரி இருக்கிறது. அதனால் அவருடைய கெட்ட குணங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அண்டை வீட்டாரின் நாய்மீது பூந்தொட்டியை எறிந்திருக்கிறார். தன் தங்கையுடன் பதினோரு வருடம் பேசவில்லை. என் பெயரைக் கடைசி வரை "மாரென்" என்றுதான் சொன்னார், நான்கு முறை திருத்தியும்.

பெரிலின் கணவர் ராய் கெரிட்ஜுக்கு எழுபத்தெட்டு. அந்த வீட்டில் பிறந்து, அந்த மண்ணில் கோதுமையும் சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட்டும் போட்டு வளர்ந்த ஆள். அக்டோபரில் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கடற்கரையோரம் ஒரு முதியோர் இல்லத்தில், இரண்டாம் எண் அறையில் இருக்கிறார். வீட்டுக்கு வரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை: கீழ்த்தளத்தில் படுக்கையும் கழிவறையும் ஒரே இடத்தில் வேண்டும், சக்கர நாற்காலி அங்கே போய்வர வேண்டும்.

அந்த மாதிரி இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. கூடத்தின் கீழ்க்கோடியில் ஒரு மரத் தடுப்பு. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குறுகிய வாசல்கள். ஒன்று பழைய பீப்பாய் அறைக்கு, மற்றது ரொட்டி அறைக்கு. நடுச்சுவரை எப்போதோ எடுத்துவிட்டதால் உள்ளே இன்று ஒரே அறைதான். தண்ணீர்க் குழாய் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது.

ஒவ்வொரு வாசலும் இருபத்திரண்டு அங்குலம். நாற்காலி இருபத்தாறு. ராயின் உடம்புக்கு அதைவிடச் சின்ன நாற்காலி கிடையாது.

நடுவில் நிற்கும் தூணை எடுத்துவிட்டால் இரண்டு வாசலும் ஒன்றாகும். நாற்காலி என்ன, மாடே போகலாம்.

("வேறு வழியே இல்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பின்சுவரில் புது வாசல் திறந்தால் நாற்காலி நேரே அகழியில் இறங்கும். கூடத்தின் மறுகோடியில் உள்ள நல்ல அறைக்குப் போகப் புகைபோக்கியைச் சுற்றி மூன்று படி ஏற வேண்டும். கூடத்திலேயே படுக்கை போடலாம், ஆனால் கழிவறைக்கு? இதையெல்லாம் பெரில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு நவம்பரிலேயே யோசித்து முடித்துவிட்டார்.)

5

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் என் மனைவி வந்து, "நீ யாருக்காக எழுதுற?" என்று கேட்பதாக ஒரு காட்சி இருந்தது. அவள் அப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. உண்மையில் கேட்டது, "குப்பைத் தொட்டியை வெளிய வச்சியா?"]

6

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டியவர்களுக்கு முடிவில் என்மேல் கோபம் வரும்.

1444இல் அது ஒரே உயரமான கூடம். மேலே கூரைவரை திறந்திருக்கும். நடுத்தரையில் நெருப்பு, புகை தன் பாட்டுக்கு ஓட்டை தேடிப் போகும். பண்ணைத்துரை ஒரு கோடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். மறு கோடியில், அந்த இரண்டு வாசல்கள் வழியாக, பீரும் ரொட்டியும் வரும்.

நூற்றிருபது வருடம் கழித்து ஒருவனுக்குக் கண் எரிந்தது. செங்கல்லில் புகைபோக்கி கட்டினான், கூடத்துக்கு நடுவில் ஒரு தளம் போட்டு மாடி ஆக்கினான். அதற்காக இரண்டு பெரிய உத்தரங்களைக் கையோடு அறுத்தெறிந்தான். அறுத்த முனை இன்றும் தெரிகிறது. 1700 வாக்கில் வந்தவர்களுக்கு மரம் வெளியே தெரிவதே வெட்கக்கேடாகப் போயிற்று. உள்ளும் புறமும் மெல்லிய மரப் பட்டியல்களை ஆணியடித்துச் சுண்ணாம்புக் காரை பூசி மறைத்தார்கள். 1926இல், ராயின் தாத்தா எப்ரெய்ம் கெரிட்ஜின் காலத்தில், நாகரிகம் மறுபடி திரும்பியது. மரம் தெரிந்தால்தான் மதிப்பு. எப்ரெய்ம் உள்ளே இருந்த காரையை முழுக்க உடைத்துக் கொட்டி, மரங்களுக்குத் தாரைப் பூசிக் கறுப்பாக்கினார்.

இவர்களில் ஒருவர்கூட யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொருவரும் முந்தியவன் எழுதியதில் தனக்குப் பிடிக்காததை அடித்துவிட்டுத் தன் வரியை எழுதினார்கள். நாம் இன்று "அற்புதம்" என்று வாயைப் பிளக்கிற வீடு அந்த அடித்தல் திருத்தல் எல்லாம் சேர்ந்ததுதான். இப்போது பழைய வீடுகளைக் காக்கும் சட்டம் வந்து, இத்தோடு போதும், இதுவே இறுதிப் பிரதி என்று பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் என் பிழைப்பும் இல்லை.

7

சட்டத்தின் முகம் இமொஜென். மாவட்டக் கவுன்சிலில் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. முப்பத்திரண்டு வயது, சைக்கிளில் வருவாள், பொய் பேசத் தெரியாது. அவளை வில்லியாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆகமாட்டேன் என்கிறாள்.

"எனக்கு மட்டும் அந்த அம்மாவைப் பாத்தா பாவமா இல்லையா, மாறன்? எங்க தாத்தாவும் முதியோர் இல்லத்துலதான் போய்ச் சேந்தாரு."

"அப்ப எடுக்க விட்டுடு."

"பாதுகாக்கப்பட்ட வீடுகளோட பதிவேட்டுல என்ன போட்டிருக்கு? 'முந்தைய வீட்டின் எச்சம், 1399 எனத் தேதி பொறித்தது.' அந்தத் தூணை அறுக்க விட்டா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? நாளைக்கு ஒவ்வொருத்தனும் ரம்பத்தைத் தூக்கிட்டு வருவான்."

"பதிவேட்டுல யாரு எழுதினது?"

"அறுபதுகள்ல யாரோ. வீட்டுக்காரங்க சொன்னதை எழுதியிருப்பாங்க, கேக் தின்னுட்டு." சைக்கிளில் ஏறியபடி சொன்னாள்: "நீங்க பாருங்க. பின்னாடி கொண்டுவந்து வச்ச தூணுன்னா எழுதுங்க, அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன். ஆதியிலருந்து இருக்கிறதுன்னா, சாரி. நீங்க என்ன எழுதுறீங்களோ அதுதான்."

ஆக, பந்து என் மைதானத்தில்.*

*(தூணைத் துளைத்து மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். வீட்டின் மற்ற உத்தரங்களுக்கு அப்படித்தான் 1444 என்று கண்டுபிடித்தார்கள். இந்தத் தூண் வேகமாக வளர்ந்த மரம், வளையங்கள் போதாது. சில மரங்கள் அப்படி.)

8

பெரில் வாத்துகளுக்குத் தீனி போடப் போயிருந்தபோது நான் தூணோடு தனியாக ஒன்றரை மணி நேரம் இருந்தேன்.

முதலில் எண். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், முதல் ஒன்பதின் வளைவு ஒரு பழைய ஆணித்துளையை வெட்டிக்கொண்டு போவது தெரிந்தது. அது காரை பூசப் பட்டியல் அடித்த ஆணி. அதாவது 1700 வாக்கில் அடித்த ஆணி. ஆணித்துளையின் மேலேதான் எண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றால், காரையை உடைத்த பிறகுதான் செதுக்கியிருக்க வேண்டும். 1399 என்பது 1926இன் கைவேலை. சந்தேகமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு, கடமைக்காக, தூணின் தலைப்பக்கம். ரொட்டி அறைக்குள் போய், ஜாம் பாட்டில் அலமாரிமேல் முட்டியை ஊன்றி ஏறினேன். கூடத்தைப் போல அங்கே தார் இல்லை, சுண்ணாம்பு வெள்ளைதான். தூணும் குறுக்கு உத்தரமும் சேருமிடத்தில் சுண்ணாம்பு மற்ற இடத்தைவிடத் தடிமனாக இருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். பத்து நிமிடத்தில் மூன்று கோடுகள் வெளியே வந்தன. கீழ்ப்பாதி தூணில், மேல்பாதி உத்தரத்தில்.

தச்சர்கள் இந்தச் சட்டங்களை முதலில் களத்தில் படுக்கவைத்துப் பூட்டிப் பார்ப்பார்கள். எது எதோடு சேர வேண்டும் என்று மறக்காமல் இருக்க இரண்டு மரத்திலும் ஒரே அடையாளம் வெட்டுவார்கள். நாம் கட்டிலைப் பிரிக்கும்போது கால்களில் சாக்கட்டியால் எண் போடுவதைப் போல. இங்கே உளி தூணில் தொடங்கி, இணைப்பைத் தாண்டி, நிற்காமல் உத்தரத்துக்குள் போயிருந்தது. ஒரே இழுப்பு, ஒரே கை. உத்தரம் 1444. அப்படியானால் தூணும் 1444.

செதுக்கிய தேதி பொய். தூண் உண்மை. அந்த வீட்டின் முதல் நாளிலிருந்து அதே இடத்தில் நிற்கிறது. இரட்டை வாசலோடு முழுசாக நிற்கும் இப்படி ஒரு தடுப்பை நான் இந்த வட்டாரத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அந்த நேரத்தில் அலமாரிமேல் மண்டியிட்டபடியே அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜாம் பாட்டில் ஒன்று கீழே விழுந்தது. அத்திப்பழம்.

பெரில் திரும்பி வந்ததும் எண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன்.

9

இதை நாடகமாக எழுதலாமா என்று யோசித்தேன். தேவையில்லை. நடந்ததை அப்படியே தருகிறேன். முதியோர் இல்லம், மாலை நான்கு மணி, தேநீர்த் தள்ளுவண்டி வரும் நேரம். ராய் ஜன்னலோரம் நாற்காலியில். பேச்சு கொஞ்சம் இழுத்தாலும் புரிகிறது. பெரில் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ராய், அந்தத் தேதியை உங்க தாத்தா செதுக்கினாராமே?"

ராய் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "ஆமா."

"ஆமாவா? உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரன் ஒருத்தன் வீட்டுல 1401ன்னு இருந்துச்சாம். தாத்தாவுக்குப் பொறுக்கல. அந்த வாரமே உளியை எடுத்துட்டாரு."

"நாப்பத்தெட்டு வருஷமா நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தேனேய்யா! கேன்டர்பரி பேராயர் வந்தாரு, அவருகிட்ட சொன்னேன்! நீ பக்கத்துலயே உக்காந்து கேக் தின்னுட்டு இருந்த!"

"நீ நல்லா சொன்ன பெரில். என்னைவிட நல்லா சொன்ன. ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"கிழட்டுப் பன்னி." கோபத்தில் சொன்னாரா சிரிப்பில் சொன்னாரா என்று பெரிலுக்கே தெரிந்திருக்காது. பிறகு ராயின் மோவாயில் ஒட்டியிருந்த பிஸ்கட்டைக் கைக்குட்டையால் துடைத்தார், தேவைக்குமேல் அழுத்தி. "சரி விடு. பொய்யின்னா நல்லதாப் போச்சு. தூணை எடுத்துரலாம். நீ வீட்டுக்கு வந்துரலாம். என்ன மாரென்?"

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்கே தெரியாது. பெரில் நர்ஸைப் பார்க்க வேகமாக வெளியே போனார். நடையில் அவர் குரல் கேட்டது, யாரிடமோ சந்தோஷமாக.

ராய் என்னைப் பார்த்தார். "மேல ஏறிப் பாத்தியா?"

"எங்க?"

"நடிக்காத. ஜாம் அலமாரி."

"...பாத்தேன்."

"மூணு கோடு."

"ஆமா."

"தாத்தா அப்பாகிட்ட சொல்லியிருக்காரு, அதை எவன் பாத்தாலும் 1399 போச்சுடான்னு. அதனால வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறப்ப அந்த இடத்துல மட்டும் ரெண்டு பூச்சு சேத்து. அப்பா அடிச்சாரு. அப்புறம் நான் அடிச்சேன்." வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உண்மையிலயே பழசுதான, அந்தச் சனியன்?"

"ஐந்நூத்தி எழுபத்தஞ்சு வருஷம். முதல் நாள்லருந்து அங்கதான் நிக்குது."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நல்லது." கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "எனக்கு வீட்டுக்குப் போகணும்ப்பா. இங்க எல்லாம் நல்லாத்தான் பாத்துக்குறாங்க. ஆனா எனக்கு வீட்டுக்குப் போகணும்."

"தூணு?"

"தூணும் வேணும்."

"ரெண்டும் கிடையாது, ராய்."

"தெரியும். அதான் என்கிட்ட கேக்காதன்னு சொல்றேன். நான் எந்தப் பக்கம் சொன்னாலும் மறுநாளே மாத்திச் சொல்லுவேன். எழுதுறவன் நீ."

10

எழுதுகிறவன் நான். சரி.

வேடிக்கை என்னவென்றால், நான் பொய் எழுதவே வேண்டியதில்லை. "1399 என்ற எண் 1926இல் செதுக்கப்பட்டது" என்று எழுதினால் அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆணித்துளையின் படம் வைக்கலாம். அதோடு நிறுத்திவிட்டால், படிக்கிற இமொஜென், அப்படியானால் தூணே அப்போது எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டதுதான் என்று தானாக முடிவு கட்டிக்கொள்வாள். மூன்று கோடுகளைப் பற்றி நான் வாயே திறக்க வேண்டாம். மூன்று தலைமுறை சுண்ணாம்பு அடித்த இடத்தில் நான்காவதாக நான் ஒரு பூச்சு. தூரிகைகூட வேண்டாம்.

எதை விடுவது என்று தெரிந்தவன்தான் கதைக்காரன் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிக்கையில் அதையே செய்தால் அதற்கு வேறு பெயர். இத்தனை வருடத்தில் ஒரு வாசலை, ஓர் ஆணியை நான் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமா? வேறு எதிலும் இல்லாத அளவு உண்டு.

முடிவு ஒன்று. எல்லாவற்றையும் எழுதுகிறேன். இமொஜென் வருந்தி மறுக்கிறாள். பெரில் ஒரு வருடம் பேருந்தில் போய்வருகிறார். பிறகு போய்வர யாருமில்லை. வீட்டை விற்கிறார். லண்டனிலிருந்து வருகிறவர்கள் தூணுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு வைக்கிறார்கள். விருந்தினர்கள் தொட்டுப் பார்த்து "ஆகா" என்கிறார்கள். தூண் இன்னும் ஐந்நூறு வருடம் நிற்கும். நான் சொன்னதெல்லாம் சரி.

முடிவு இரண்டு. கோடுகளை விட்டுவிடுகிறேன். தச்சர் ஒருவர் வந்து முற்பகலுக்குள் தூணை அறுத்து எடுக்கிறார். ராய் வீட்டுக்கு வருகிறார். பதினோரு வாரமோ, பதினோரு வருடமோ. பெரில் ராத்திரி அவர் குறட்டையைத் திட்டுகிறார். அறுத்த தூண் கொட்டகையில் கிடக்கிறது, அதன் தலைப்பில் மூன்று அரைக்கோடுகள். நான் அந்தப் பக்கம் காரை ஓட்டும்போது வேறு சாலையில் திரும்பிவிடுகிறேன்.

முடிவு மூன்று. பெரில் யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்துக்கொண்டு—

இதை முடிக்கமாட்டேன். பாதுகாக்கப்பட்ட வீட்டில் அனுமதியில்லாமல் கைவைத்தால் இந்த நாட்டுச் சட்டம் அதை மறக்கவே மறக்காது. முப்பது வருடம் கழித்தும் வந்து கதவைத் தட்டலாம். நடந்ததோ நடக்காததோ, அச்சில் ஏற்றி வைப்பானேன். வீட்டின் பெயரையும் மனிதர்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தூண் என்பதுகூட உத்தரமாக இருக்கலாம்.

11

இரண்டு வாக்கியங்கள் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் உண்மை.

அ. தூணின் தலைப்பிலும் உத்தரத்திலும் ஒரே வெட்டாக ஓடும் மூன்று கோடுகள், தூண் 1444இல் வீட்டோடு சேர்த்துச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

ஆ. தூணில் உள்ள 1399 என்ற எண் 1926இல் செதுக்கப்பட்டது.

இரண்டையும் விட்டுவைத்தால் தூண் நிற்கும். முதலாவதை அடித்தால் ராய் வீட்டுக்கு வருவார். மூன்று வாரமாக நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அடிப்பதும் அழிப்பதுமாக இருக்கிறேன். காகிதம் நைந்துவிட்டது. ஒருநாள் காலை முதலாவதை அடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டு எழுந்ததும் அந்தக் கோடுகளை இழுத்த கை ஞாபகம் வந்தது. யாரோ, பெயர் தெரியாது, குளிர்காலத்தில் களத்தில் குனிந்து நின்றவன். மறுபடி எழுதினேன்.

இன்று மதியம், நான் இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது, பெரில் கூப்பிட்டார்.

"மாரென், அறிக்கை அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல பெரில். ஒரு வாக்கியம் பாக்கி இருக்கு."

"இல்லத்துல புதுசா வந்த பொண்ணு ஒருத்தி ராய்கிட்ட உளறிட்டாளாம், இன்னிக்கு வீட்டுக்குப் போறீங்கன்னு. பக்கத்து அறைக்காரருகிட்ட சொல்ல வேண்டியது, ஆளு மாறிப் போச்சு. ராய் காலைச் சாப்பாடு முடிஞ்சதுமே கோட்டைப் போட்டுக்கிட்டாராம். ஒத்தைக் கையாலயே எல்லாப் பொத்தானும் போட்டிருக்காரு, எவளையும் தொட விடல. இப்ப வாசல்கிட்ட உக்காந்திருக்காரு. கழட்டச் சொன்னா கழட்டமாட்டேங்கிறாராம். நான் இப்ப பஸ் பிடிச்சுப் போறேன். போயி என்ன சொல்லட்டும்? இன்னிக்கு இல்ல, அடுத்த வாரம்னு சொல்லட்டுமா? இல்ல கோட்டைக் கழட்டிடுன்னு சொல்லட்டுமா?"

போனை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பென்சில் இங்கே, காகிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பெரில் இன்னும் லைனில் இருக்கிறார்.